புரூமஸ்: பனியே இல்லாத ஒரு பனிச்சொல்

‘புரூமஸ்’ எண்டு ஒரு ஆங்கிலச் சொல் இருக்கு. மூடுபனி படர்ந்து வெளிச்சம் மங்கிப்போன காலநிலையைச் சொல்கிற பெயரடை. ஃபொகி, மிஸ்டி எல்லாம் சனம் நாளாந்தம் பாவிக்கிற சொற்கள். இதை யாரும் பேச்சில் பாவிக்கிற மாதிரித் தெரியேல்ல. ‘அரிய அழகான சொற்கள்’ எண்டு இன்ஸ்டகிராமில் வாற பட்டியல்களில்தான் உயிரோட இருக்கு. நான் கண்டதும் அங்கேதான். தள்ளிவிட்டுப் போகாமல் நின்றதுக்குக் காரணம், அதன் முன்பாதியை எங்கட மாமாவின் புத்தக அலுமாரியில் ஏற்கெனவே பார்த்திருந்தேன்: கார்ல் மார்க்ஸின் ‘லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேர்’. அதென்ன புரூமேர் எண்டு கேட்டதுக்கு மாமா, “அது ஒரு மாசமடா” எண்டதோட முடிச்சிட்டார்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இலத்தீனில் ‘பிரெவிஸ்’ என்றால் குறுகியது. அதிலிருந்து வந்த ‘புரூமா’, வருடத்தின் ஆகக் குறுகிய பகலைக் குறித்தது. ரோமில் அந்தப் பகல் 9 மணித்தியாலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பிறகு அது குளிர்காலம் முழுவதுக்குமான சொல்லாகி, பிரெஞ்சில் ‘புரூம்’ ஆகி, அந்தக் காலத்து மூடுபனிக்குப் பெயராகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதைப் பெயரடையாக எடுத்துக்கொண்டது. ஆக, வேரில் பனியே இல்லை. நேரம்தான் இருக்கு.

யாழ்ப்பாணத்தில் ஆகக் குறுகிய பகல்கூட ஏறத்தாழ பதினொன்றரை மணித்தியாலம். அந்த நாளைக் கவனிக்காமலே கடந்துவிடலாம். ஆனால் பனியை வைத்துக் காலத்துக்குப் பெயரிட்டது நாங்களும்தான்: முன்பனி, பின்பனி.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். 1793இல், மதம் கலக்காத புது நாட்காட்டி ஒன்று வந்தது. மாதப் பெயர்களைக் கட்டியவர் ஃபாப்ர் டெக்ளாந்தின் என்ற கவிஞர். பனிமூட்ட மாதம் புரூமேர், வெண்பனி மாதம் நிவோஸ், மழை மாதம் புளுவியோஸ், முளைவிடும் மாதம் ஜெர்மினால், பூ மாதம் ஃபுளோரேயால். 1794 ஏப்ரல் 5, அதாவது ஜெர்மினால் 16, அவரையும் கில்லட்டினில் கொன்றார்கள். தான் பெயர் வைத்த மாதத்திலேயே.

1799 நவம்பர் 9, புரூமேர் 18. நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த நாள். 1806 பிறந்தபோது நாட்காட்டியே கைவிடப்பட்டுவிட்டது. நெப்போலியனின் பெறாமகன் லூயி 1851 டிசம்பர் 2இல் ஆட்சியைப் பிடித்ததைத்தான் மார்க்ஸ் எழுதினார். செத்துப்போன மாதத்தின் பெயரைத் தலைப்பில் வைத்தது பெரியப்பனின் கதையை நினைவூட்டத்தான். மாமா இவ்வளவையும் சொல்லியிருந்தால் அந்தப் புத்தகத்தை அப்பவே திறந்திருப்பேன்.

எனக்கு உறுத்துறது வேறொன்று. எந்தப் புனிதரையும் சாராத, இயற்கையின் பெயர்கள் எண்டுதான் அவர்கள் நினைத்தார்கள். ஆனால் அது யாருடைய இயற்கை? பாரிஸைச் சுற்றின வானம்தானே. பிரான்ஸ் வைத்திருந்த கரீபியன் தீவுகளில் கரும்புத் தோட்டத்து மனிதர் நிவோஸ் மாதத்தில் எந்த வெண்பனியைப் பார்த்திருப்பார்கள்? அடிமைமுறையை ஒழித்த தீர்மானத்தின் திகதி இரண்டாம் ஆண்டு புளுவியோஸ் 16. அதே அடிமைமுறை தொடரலாம் என்று நெப்போலியன் கொண்டுவந்த சட்டத்தின் திகதி பத்தாம் ஆண்டு ஃபுளோரேயால் 30. எங்கட கணக்கில் 1802 மே 20. பூ மாதத்தின் கடைசி நாள்.