நாலு கம்பி ஆசாமி

மெல்லிசைக் கச்சேரி மேடையில் பாடகர் தெரிவார். பாடகியின் பட்டுப்புடவை தெரியும். கீபோர்டு வாசிப்பவரின் கூலிங் கிளாஸ் கடைசி வரிசைக்குக்கூடத் தெரியும். டிரம்ஸுக்கும் சுவருக்கும் நடுவே கிடைத்த ஒன்றரை அடி இடத்தில், ரேஷன் கடை க்யூவில் நிற்கிற முகபாவத்தோடு ஒருவர் நிற்பார். கையில் நீளமான கிட்டார். அதில் நாலே கம்பி. அவர்தான் பேஸ் கிட்டாரிஸ்ட்.

"ஏன் தம்பி, மீதி ரெண்டு கம்பி அறுந்துபோச்சா?" என்று கேட்காத கல்யாண வீடு கிடையாது. கேட்பவர் பெரும்பாலும் பெண்ணுக்குச் சித்தப்பா. லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் 1951-ல் 'பிரிசிஷன் பேஸ்' என்று இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார், அதுவரை ஆளுயர டபுள் பேஸைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்றெல்லாம் பந்திக்குப் போகிற மனிதரிடம் சொல்வது பாவம். "ஆமா சார், பட்ஜெட் பத்தலை" என்று சொல்லிவிடுவது உத்தமம்.

வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிறு மாலை கச்சேரி என்று ஓடுகிற இளைஞர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நானும் பேனா பிடித்துப் பிழைத்துக்கொண்டு, முகூர்த்த நாட்களில் பேஸ் பிடிப்பவன்தான். பி.காம். படித்த தோஷம், எதைப் பார்த்தாலும் வரவு, செலவு, தேய்மானம் என்றே புத்தி போகும். அந்தக் கணக்குப்படி சொல்கிறேன். பேஸ் வாசிப்பவன் காசைக் கொட்ட வேண்டியது கிட்டாரில் இல்லை. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் கிடக்கிற அற்ப சமாசாரங்களில்.

பேஸ் என்பது மின்விசிறி மாதிரி. ஓடும்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நின்றால் வீடே பார்க்கும். நண்பர் ஒருவர் கடன் வாங்கி வெளிநாட்டு பேஸ் ஒன்று வாங்கினார். மினுமினுவென்று ராஜகுமாரன் மாதிரி இருக்கும். தாம்பரம் பக்கம் ஒரு ரிசப்ஷனில் இரண்டாவது சரணத்தில் ராஜகுமாரன் பேச்சு மூச்சில்லாமல் போய்விட்டான். அடுப்படியிலிருந்து சமையல்காரரே கரண்டியோடு எட்டிப் பார்த்தார் என்றால் பாருங்கள். விஷயம் ஒன்றுமில்லை. 'ஆக்டிவ்' பேஸ் என்றால் உள்ளே சின்ன சர்க்யூட் இருக்கும். 9 வோல்ட் பாட்டரியில் ஓடும். ஜாக்கைச் சொருகினாலே பாட்டரிக்கு ஸ்விட்ச் போட்ட மாதிரி. வாசிக்காவிட்டாலும் அது பாட்டுக்குச் செலவாகும். ஒத்திகை முடிந்து ஜாக்கைப் பிடுங்காமல் வைத்தால் அடுத்த கச்சேரியில் மௌன விரதம்தான். மாற்று பாட்டரி ஒன்று பையில் எப்போதும் கிடக்கட்டும். பாட்டரியே வேண்டாத 'பாஸிவ்' பேஸ் வாங்கினால் இன்னும் நிம்மதி.

அடுத்தது கேபிள். பத்து கச்சேரியில் ஒன்பதில் "கிட்டார் ரிப்பேர்" என்பது கேபிள் ரிப்பேர்தான். அதுவும் ஜாக் முனையில், ஈயப்பற்று விட்டுப்போன இடத்தில். இரண்டு கேபிள் கொண்டுபோங்கள். ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கி நீங்களே பற்றவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, ஜாக்கும் ஒயரும் அங்கே பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கும். முழங்கையில் சுற்றிச் சுற்றி முறுக்கி வைத்தால் உள்ளே கம்பி ஒடியும். அதன் இயல்பான வளைவுக்குத் தளர்வாகச் சுருட்டுங்கள்.

தோள்பட்டை. ஒரு பேஸ் சுமார் நாலு கிலோ. மூன்று மணி நேரம் மெல்லிய ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் திங்கட்கிழமை ஆபீஸில் கழுத்தைத் திருப்ப உடம்போடு திரும்ப வேண்டியிருக்கும். மூன்று விரல் அகலமாவது உள்ள ஸ்ட்ராப் வாங்குங்கள். அது குமிழிலிருந்து நழுவாமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபில் நாணய அளவு வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு மாட்டினால் போதும். செலவு பூஜ்யம்.

கம்பிகள்தான் பணத்தைத் தின்னும். மோட்டவுன் கம்பெனியின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தால்தான் மாற்றுவார் என்பார்கள். அவர் இருந்தது டெட்ராய்ட்டில். நம் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் உள்ளங்கை வியர்வையும் சேர்ந்தால் மூன்று மாதத்தில் கம்பி 'டொப் டொப்' என்று மரம் தட்டுகிற சத்தம் போடும். பழைய கம்பிகளைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் அழுக்கும் பிசுக்கும் போய்க் கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று பேசும். உலகமெங்கும் ஏழை பேஸ்காரர்கள் செய்கிற வைத்தியம் இது. எந்தப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தீர்கள் என்பது மட்டும் வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம்.

இனி சுருதி. எங்கள் தொழிலின் பாதித் தலைவலி இதில்தான். பேஸின் தடித்த கம்பி 'ஈ', அதாவது மூணு கட்டை. கல்யாணத்தில் பாட வந்தவர், "அண்ணே, தொண்டை சரியில்லை, ரெண்டு கட்டைக்கு இறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் பழைய இடத்திலேயே ஜம்மென்று வாசிப்பார். நமக்குப் பட்டன் கிடையாது. ரெண்டு கட்டையின் கீழ் ஸட்ஜம் நாலு கம்பியில் இல்லவே இல்லை. மேல் ஸ்தாயிக்கு ஓட வேண்டும். பாட்டின் அடித்தளமே மாடிக்குப் போன மாதிரி இருக்கும். ஐந்து கம்பி பேஸ் வந்தது இதற்குத்தான். அதன் ஐந்தாவது கம்பி 'பி'. மூன்றாவது கட்டத்தில் ரெண்டு கட்டை ஸட்ஜம் தயாராகக் காத்திருக்கும். ஸ்டைலுக்காக இல்லை, இந்த ஒரு காரணத்துக்காக வாங்குங்கள்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. பட்டனை அமுக்கிய கீபோர்டுக்காரரிடம் "என்ன கார்டு?" என்று கேட்டால் "டி மைனர்" என்பார். அவர் விரலுக்கு அது டி. ஊருக்கு அது சி ஷார்ப்! அதனால் கார்டு பெயர் கேட்காதீர்கள், எத்தனை கட்டை என்று கேளுங்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது வெறும் கம்பியை மீட்டாமல், எல்லாவற்றையும் விரல் அழுத்தியே வாசித்துப் பழகினால் யார் எவ்வளவு இறக்கினாலும் ஒரு கட்டம் நகர்ந்து நின்றுகொள்ளலாம். ஒரு நூறு பக்க நோட்டில் பாட்டு, கட்டை, எங்கே நிறுத்தம் என்று எழுதி வையுங்கள். என் நோட்டில் பாடகர் பெயரும் உண்டு. அவரவர் தொண்டை சரியில்லாமல் போகும் அளவு அவரவர்க்கு நிரந்தரமானது.

மைக் செட்காரரோடு சிநேகமாக இருப்பது அவசியம். "அண்ணே, சாப்டீங்களா?" என்ற ஒரு கேள்வி விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் செய்யாததைச் செய்யும். அவர் உங்கள் கேபிளை நேராக மிக்ஸரில் சொருகப் பார்ப்பார். நீள ஒயரில் பாஸிவ் கிட்டாரின் சத்தம் மங்கும், இரைச்சல் ஏறும். நடுவே ஒரு டி.ஐ. பாக்ஸ் போட்டால் இரண்டும் தீரும். உள்ளங்கை அளவு டப்பா, சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நம் சத்தம் நமக்கே கேட்கவில்லை என்று 'பேஸ்' குமிழைத் திருகுவது எல்லோரும் செய்வது. பிரயோஜனமில்லை. 'ஈ' கம்பியின் ஒலி நொடிக்கு 41 அதிர்வு, ஓர் அலையின் நீளமே சுமார் 27 அடி. பக்கத்தில் நிற்கிற உங்களுக்கு ஒன்று கேட்கும், மண்டபத்துக் கடைசிச் சுவரோரம் இருக்கிற தாத்தாவுக்கு வேறொன்று கேட்டு நெஞ்சு படபடக்கும். 'மிட்' குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் உங்களுக்கும் கேட்கும், தாத்தாவும் பிழைப்பார்.

இப்போது சிரிக்காமல் ஒரு விஷயம்.

"அண்ணே, மைக்குல ஷாக் அடிக்குது."

"லேசாத்தான் தம்பி அடிக்கும். பழகிடும்."

நம் மேடைகளில் சர்வசாதாரணமாகக் கேட்கிற சம்பாஷணை இது. லேசாக அடிப்பது பழக அல்ல, ஓட. கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடம்போடு இணைந்தவை. ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருந்து, எர்த்தும் இல்லை என்றால் 230 வோல்ட் உங்கள் விரல் நுனியில் நிற்கும். பிளக்கைச் சொருகியதும் தெரியாது. கோரஸ் பாட மைக்கில் உதடு படும்போதுதான் தெரியும். கையில் ஏறி நெஞ்சு வழியாக உதட்டில் இறங்கும். காலில் ரப்பர் செருப்பு போட்டிருந்தால் தப்பலாம் என்பது இங்கே செல்லாது. அதன் பாதையில் காலே இல்லையே! 1972-ல் ஸ்டோன் த குரோஸ் என்ற குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி, வேல்ஸில் ஸ்வான்ஸி நகர மேடையில் மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-ல் வீட்டில் கிட்டாரோடு இருந்தபோது மின்சாரம் தாக்கிப் போனார்.

ஒரு மண்டபத்தில் நான் பார்த்தது: ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று இரைச்சல் வந்ததும் எலக்ட்ரீஷியன் பிளக்கின் மூன்றாவது பின்னை, அந்தத் தடித்த எர்த் பின்னை, கட்டிங் பிளேயரால் கழற்றி எறிந்தார். இரைச்சல் நின்றது. எல்லோரும் கைதட்டாத குறை. இரைச்சலோடு நம் உயிருக்கு இருந்த ஒரே காவலும் போனது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. டி.ஐ. பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது ஒலி ஒயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. இரைச்சலுக்கு அதைத் தட்டுங்கள். எர்த் பின்னை ஒருவரும் தொட விடாதீர்கள். தொட்டால் வாசிக்க மாட்டேன் என்று பேஸை உறையில் போடுங்கள். கர்வம் பிடித்தவன் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

கச்சேரிக்கு முன்னால் மைக்கின் வலைக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே ஒரு மல்டிமீட்டரை ஏ.சி. வோல்டில் வைத்துப் பாருங்கள். முள்ளோ எண்ணோ குதித்தால் சரி செய்த பிறகுதான் மைக் பக்கம் முகம் போக வேண்டும். உங்கள் ஆம்ப்ளிஃபயரும் மிக்ஸரும் முடிந்தவரை ஒரே பிளக் பாயிண்டிலிருந்து போகட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் செய்து வாங்குங்கள். கரண்ட் கசிந்தால் கண் இமைப்பதற்குள் வெட்டும். ஜெனரேட்டரில் எர்த் ஒழுங்காக இல்லையென்றால் இதை மட்டும் நம்பவும் முடியாது என்பதால் மீட்டர் சோதனையை விடக்கூடாது.

உயிருக்கு அடுத்தபடி காது. பேஸ்காரன் டிரம்ஸின் வலது காலைப் பார்த்துக்கொண்டே வாசிப்பவன். ஆகவே சிம்பல் அவன் காதோரம்தான் அடிபடும். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் நியோஷ் சொல்கிற கணக்கு. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். நம் கச்சேரி மூன்று மணி நேரம். போன காது கூட்டு வட்டி கட்டினாலும் திரும்பாது. மருந்துக்கடையில் கிடைக்கிற பஞ்சு போன்ற அடைப்பான் போதும்; பேஸ் உடம்பு வழியாகவும் கேட்கும், பயப்பட வேண்டாம்.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்றால், ஆள் குறைப்பு என்று வந்தால் ஆர்கெஸ்ட்ராவில் முதல் வெட்டு எங்களுக்குத்தான். லேப்டாப்பில் டிராக் ஓடவிட்டு இரண்டு பேர் பாடிவிட்டுப் போகிற காலம் இது. கீபோர்டின் இடது கையே பேஸ் வாசித்துவிடும். அப்படியும் சில குழுத் தலைவர்கள் மெனக்கெட்டு எங்களைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடப்படுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் மகா வித்வான்கள் இல்லை. ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்கு வந்து, ஏ.சி. ஹாலில் கிட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிஷம் திறந்துவைத்து, அப்புறம் சுருதி சேர்க்கிறவர்கள். கிளிப் டியூனரை வைத்து, செண்டை மேளம் முழங்கும்போதும் சத்தமில்லாமல் சேர்த்துவிடுவார்கள். இடது கையோடு சண்டை போடாமல், "அண்ணே, கீழ் ஸ்தாயி நான் பார்த்துக்கறேன்" என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறவர்கள்.

பணத்தைக் கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டில் கேளுங்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் மாமாவைக் காணாது. அவர் குத்துவிளக்கு எண்ணப் போயிருப்பார். திருவிழா மேடை என்றால் இன்னும் முன்னால். திறந்தவெளியில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்வதால், பத்தாவது நிமிஷம் போலீஸ்காரரும் பதினோராவது நிமிஷம் விழாக் கமிட்டி மறைவதும் நடக்கும். சாப்பாடு முதல் பந்தியிலேயே. கச்சேரிக்குப் பிறகு இருப்பது மோரும் வாழை இலையும்தான்.

ஜாக்கைப் பிடுங்கியாச்சா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடைசி பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே "உள்ளே என்ன?" என்பார். கிட்டார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நம்ம பஸ்ஸுக்கு ஒரு பாட்டு போடுங்க தம்பி" என்பார். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அதில் வருவது கொசு சத்தம்.

நான் கேரம் போர்டு என்று சொல்லிவிடுவது.