பொட்டிப்புரம்: குடையாத மலையின் கதை

உங்க கட்டைவிரல் நகத்தை ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. பார்த்தாச்சா? நீங்க பார்த்துக்கிட்டு இருந்த ஒவ்வொரு நொடியும், அந்த நகம் அளவு இடத்துக்குள்ளே ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து வெளியே போயிருக்கு. சூரியனில் கிளம்பி, எட்டு நிமிஷத்தில் இங்கே வந்து, உங்களைத் தாண்டி, பூமியையும் தாண்டிப் போயே போச்சு! ராத்திரியிலும் லீவு கிடையாது. அப்போது பாதத்துக்கு அடியிலிருந்து மேலே வரும்.

இப்படி யாரையும் தொடாமல் போகிற ஒரு துகளை வைத்து, தேனி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் பத்து வருஷத்துக்கும் மேலாகப் பயந்தது, கோபப்பட்டது, கொஞ்சம் ஆசையும் பட்டது. அந்த ஊர்தான் பொட்டிப்புரம். செமஸ்டர் லீவில் மூணாறுக்குக் கிளம்புகிற கேங்கா நீங்க? போடி வழியாகத்தானே போவீங்க? ஒரு நாள் முன்னாடி கிளம்புங்க. இங்கே பார்க்க ஒண்ணுமே இல்லை. ஆனா கேட்க நிறைய இருக்கு.

மதுரையிலிருந்து போடிக்கு 2023-ல் மறுபடி ரயில் விட்டார்கள். பஸ்ஸும் உண்டு. போடியில் இறங்கி தேவாரம் ரூட் பஸ்ஸில் ஏறி, பொட்டிப்புரத்துக்கு எங்கே இறங்கணும்னு கண்டக்டரிடமே கேட்டுக்கோங்க. வலது கைப்பக்கம் ஜன்னல் சீட் முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி கூடவே வரும். அந்தப் பக்கம் கேரளாவில் மழை கொட்டும். இந்தப் பக்கம் மழை மறைவு. அதனால்தான் மலை அவ்வளவு பக்கத்தில் இருந்தும் காட்டில் பாதி மானாவாரி. மேய்ச்சல்தான் பல வீட்டுக்கு ஏ.டி.எம்.

ஊருக்கு மேற்கே நிற்பதுதான் அம்பரப்பர் மலை. ரஜினி பட ஓப்பனிங் மாதிரி எல்லாம் எதிர்பார்க்காதீங்க. மொட்டைப் பாறை, அங்கங்கே புதர், நல்ல வெயில். ஆனா இந்தப் பாறை சாதாரணப் பாறை இல்லை. சார்னோகைட் என்ற ரொம்பப் பழைய, ரொம்ப இறுகிய பாறை. அதுதான் விஞ்ஞானிகளுக்குப் பிடித்துப் போனது.

அவர்கள் திட்டம் இது. மலையடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 1.9 கிலோமீட்டருக்குப் படுக்கைவசமாக ஒரு சுரங்கப்பாதை. அதன் முடிவில் 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரத்தில் ஒரு குகை. தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பாறை. உள்ளே 50,000 டன் இரும்பு. இந்தியாவில் அமையும் நியூட்ரினோ ஆய்வகம் என்று பெயர். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஓ.கே. சொன்னது. முதலில் நீலகிரியில் சிங்காராவைத்தான் கேட்டார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குப் பக்கம் என்பதால் 2009-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. அப்புறம்தான் பார்வை இந்த மலைமேல் விழுந்தது.

மலைக்குள்ளே போய் ஏன் ஒளியணும்? கல்ச்சுரல்ஸ் நடக்கிற ஆடிட்டோரியத்தில் குண்டூசி விழுகிற சத்தம் கேட்குமா? விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி, மியூவான் என்ற துகள்களை மழை மாதிரி கொட்டிக்கிட்டே இருக்கு. அந்த இரைச்சலில் நியூட்ரினோ தட்டுவது காதில் விழாது. ஒரு கிலோமீட்டர் பாறை அந்த மழையை லட்சக்கணக்கான மடங்கு குறைத்துவிடும். நியூட்ரினோ மட்டும் கூலாக உள்ளே வரும். வருகிற கோடானுகோடியில் ஒன்றிரண்டு இரும்பில் மோதும். அதிலிருந்து ஒரு மியூவான் கிளம்பும். இரும்பைக் காந்தமாக்கி வைத்தால் அது ஒரு பக்கமாக வளையும். வளைகிற திசையைப் பார்த்து, வந்தது நியூட்ரினோவா, அதன் எதிர்த்துகளா என்று சொல்லிவிடலாம். உலகத்தில் இருக்கிற பெரிய நியூட்ரினோக் கருவிகள் பல தண்ணீரிலோ எண்ணெயிலோ மின்னும் ஒளியைப் பார்க்கிறவை. இந்தக் காந்த ஐடியாதான் நம்ம ஆட்களின் ஸ்பெஷல்.

சும்மா பேப்பரில் போட்ட கணக்கு இல்லை. இதன் குட்டி மாடல் ஒன்றை மதுரையில் கட்டி, 2018-லிருந்து மியூவான்களைப் பதிவு செய்தார்கள். 85 டன் எடை, 11 அடுக்கு இரும்பு, நடுநடுவே கண்ணாடிப் பெட்டிகள். அது வேலை செய்தது.

இதில் நமக்கு ஒரு பரம்பரைப் பெருமையும் உண்டு. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகிலேயே முதலில் பிடித்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். வருஷம் 1965. தரையிலிருந்து சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பான், இங்கிலாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து பிடித்தார்கள். அந்தச் சுரங்கத்தில் தங்கம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்கள். 2001-ல் தங்கச் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் பொட்டிப்புரம்.

சரி, ஊருக்கு வருவோம்.

டீக்கடையில் உட்கார்ந்தால் முதல் கேள்வி, "எந்த சேனல்?" சேனல் இல்லை, காலேஜ் என்றதும் கொஞ்சம் ரிலாக்ஸ் ஆனார்கள். பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அணுகுண்டு செய்யப் போறாங்கன்னு கேள்விப்பட்டோம். அணுக்கழிவைக் கொண்டு வந்து புதைப்பாங்கன்னு சொன்னாங்க. புற்றுநோய் வரும். முல்லைப் பெரியாறு அணை ஆடிப் போகும். பாலிடெக்னிக் முடித்த ஒருவர் மட்டும், "வந்திருந்தா வெல்டிங், எலெக்ட்ரிக்கல்னு உள்ளூர்லயே நமக்கும் வேலை கிடைச்சிருக்கும் பாஸ்" என்றார். பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் டீயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நம்மில் பலர் இதைக் கேட்டதும் சிரிப்போம். 'அய்யோ, சயின்ஸ் தெரியாத ஜனங்க' என்று ஒரு ஃபார்வர்டு தட்டிவிடுவோம். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க. முதல் விஷயம், இப்படிப் பயப்படுவது தேனிக்காரங்க மட்டும் இல்லை. ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகம் 2008 செப்டம்பர் 10-ம் தேதி தன் பெரிய துகள் மோதியை ஸ்டார்ட் செய்தபோது, கருந்துளை வந்து பூமியை விழுங்கிவிடும் என்று உலகமே பேசியது. நிறுத்தச் சொல்லி அமெரிக்காவில் ஹவாயில் கேஸ் போட்டார்கள். எல்லாம் படித்த நாடுகள்தான்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். அணுக்கழிவுப் பயம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்களில் ஒருவர் அணுசக்தித் துறை. கூடங்குளம் போராட்டம் அனலாக இருந்த 2012-ல், கழிவைக் கோலார் தங்கவயலின் பழைய சுரங்கத்தில் வைக்கலாம் என்ற பேச்சு உச்ச நீதிமன்ற வழக்கின்போது வெளியே வந்தது. அங்கே மக்கள் தெருவில் இறங்கினார்கள். அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று பிறகு சொல்லப்பட்டது. யோசித்துப் பாருங்க. நியூட்ரினோ பிடித்த அதே கோலார்! இதைப் பேப்பரில் படித்த ஒரு பொட்டிப்புரத்துக்காரர், 'துறை அதே துறை, ஓட்டை இன்னொரு ஓட்டை' என்று நினைத்தால் அதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நியூட்ரினோ ஆய்வகத்தில் அணு உலையும் கிடையாது, கழிவும் கிடையாது. அதுவும் உண்மை.

மலையடிவாரத்துப் பக்கம் நடந்தால் ஆடு மேய்க்கிறவர்களைப் பார்க்கலாம். திட்டத்துக்காக இங்கே 66 ஏக்கர் ஒதுக்கினார்கள். வேலி போட்டதிலிருந்துதான் மேய்ச்சல்காரர்களுக்குத் திட்டம் என்றால் என்ன என்றே புரிந்ததாம். ஒரு தாத்தாவிடம் நான் என் நகக் கணக்கை எல்லாம் எடுத்துவிட்டேன். 6,500 கோடி, ஒண்ணும் செய்யாது, இப்பக்கூட உங்களுக்குள்ளே போகுது தாத்தா என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"துகளு ஒண்ணும் செய்யாதுன்னு வந்தவுகள்லாம் சொன்னாக தம்பி. சரி. மலைக்கு வெடி வைக்கப்போறது துகளா, மனுசனா?"

அவர் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டார். நான் கால்குலேட்டரை எடுத்தேன். எஞ்சினீயரிங் படிக்கிறோம், இதுகூடச் செய்யலைன்னா எப்படி! குகை மட்டும் 132 பெருக்கல் 26 பெருக்கல் 20, அதாவது சுமார் 68,600 கன மீட்டர். சுரங்கப்பாதை ஏழரை மீட்டர் அகலத்தில், மேலே வளைவாக வரும். குறுக்குவெட்டு சுமார் 50 சதுர மீட்டர். 1,900 மீட்டருக்கு 95,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் பாறை குறைந்தது 2.7 டன். மொத்தம் நாலு லட்சத்து நாப்பதாயிரம் டன் வருது. லாரிக்கு 20 டன் என்றால் 22,000 லோடு. சின்னச் சின்னக் குகைகள் இதில் சேரவில்லை. அந்த ஊர் ரோட்டில், அந்த ஆடுகளுக்கு நடுவே, 22,000 லோடு போய், 22,000 தடவை காலியாகத் திரும்பி வரணும். தூசி, வெடிச்சத்தம், தண்ணீர் எல்லாம் தனி.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்கோங்க. அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் கிட்டத்தட்ட 29,000 வேணும். உள்ளே ஓடுகிற வாயுவில் பெரும்பங்கு ஆர்-134ஏ, நம்ம கார் ஏ.சி.யில் இருக்கிற அதே வாயு. மனிதனைக் கொல்லாது. ஆனால் கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கில்லாடி. மறுசுழற்சி செய்து எத்தனை சதவீதம் மிச்சம் பிடிப்பீங்க என்பது சூப்பரான கேள்வி. டீக்கடையில் அதை யாரும் கேட்கவில்லை. அணுகுண்டைப் பற்றித்தான் கேட்டார்கள்.

வெளிநாட்டிலும் இதேதான் நடந்தது. கருந்துளை வரும் என்று பயந்த செர்ன் மோதியில், ஸ்டார்ட் ஆன ஒன்பதாவது நாள் நடந்தது என்ன? மின் இணைப்பில் கோளாறு, டன் கணக்கில் ஹீலியம் கசிவு, ஒரு வருஷத்துக்கு மேல் ரிப்பேர். இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே ஒரு நியூட்ரினோ ஆய்வகம் இருக்கு. அந்த மலைதான் சுற்றுவட்டாரத்துக்குக் குடிதண்ணீர் தருகிறது. 2002 ஆகஸ்டில் அங்கே ஒரு சோதனைக்கான ரசாயனத் திரவம் சுமார் 50 லிட்டர் வடிகால் வழியாக வெளியே ஓடைக்குப் போய்விட்டது. ஊர் கொதித்தது. அடுத்த வருஷம் அந்த ஹாலுக்கே நீதிமன்றம் சீல் வைத்தது. வடிகாலையும் தரையையும் சரிசெய்த பிறகுதான் வேலை தொடர்ந்தது. ஆபத்து நியூட்ரினோவில் இல்லை பாஸ், பிளம்பிங்கில்!

நம்ம ஊரில் அந்த பிளம்பிங் பேச்சு ஊர் நடுவில் நடக்க வேண்டியது. நடந்தது கோர்ட்டில். 2015 மார்ச்சில், வைகோ போட்ட வழக்கில், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்றது மதுரை உயர் நீதிமன்றக் கிளை. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியையே நிறுத்தி வைத்தது. காரணம் இரண்டு. ஆய்வறிக்கை தயாரித்த அமைப்புக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை. கேரளாவின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு சிறப்புத் திட்டம் என்று மறுபடி அனுமதி கொடுத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? 'கட்டடம் மற்றும் கட்டுமானம்'! அந்தப் பிரிவுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியில் வெடிவைத்துக் குடைகிற குகையும், நம்ம ஹாஸ்டலின் புது பிளாக்கும் ஒரே லிஸ்ட்டில். சிவில் படிக்கிற நண்பர்களே, மன்னிச்சுக்கோங்க, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 22,000 லோடுக்குப் பதில் சொல்ல நல்ல சான்ஸ் அந்தக் கூட்டம்தான். அதைத்தான் தாண்டிக் குதித்தார்கள்.

கடைசியில் 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது: மதிகெட்டான், பெரியாறு காடுகளுக்கு இடையே புலிகள் நடமாடும் பாதை இது, அனுமதிக்க மாட்டோம். மலை குடையப்படவில்லை.

எனக்கு வருத்தமா? ஆமா, வருத்தம்தான். மூன்று வகை நியூட்ரினோ எடையில் எது மேலே, எது கீழே என்ற வரிசைதான் இந்தக் கருவி தேடிய பெரிய விடை. சீனாவில் ஜியாங்மென் பக்கம், 700 மீட்டர் ஆழத்தில், 20,000 டன் திரவத்தோடு ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் அதே விடையை வேறு வழியில் தேட ஆரம்பித்துவிட்டது. 1965-ல் முதல் பெஞ்சில் இருந்த நாம் இப்போ கேலரியில். மதுரையில் அந்த 85 டன் குட்டியோடு ராத்திரி பகலாக உட்கார்ந்த ஆராய்ச்சி மாணவர்கள் நம்மைவிட ஐந்தாறு வயசு மூத்தவர்கள்தான். அவர்களுக்கு எப்படி இருக்கும்?

இதை நான் அந்தத் தாத்தாவிடம் சொன்னால் அவரும் வருத்தப்பட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஆட்டுக்கு வழி எங்கே என்று அடுத்த கேள்வியும் கேட்டிருப்பார்.

பொட்டிப்புரத்தில் தங்க லாட்ஜ் எல்லாம் தேடாதீங்க. தண்ணீர் பாட்டில், தொப்பி மறக்காதீங்க. மலைப்பக்கம் தனியாகப் போகாமல் ஊர்க்காரங்க யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க. பிளாஸ்டிக்கை அங்கே போட்டுட்டு வந்தீங்கன்னா மேய்கிற மாடு தின்னும். சாயங்காலம் போடி பஸ்ஸைப் பிடிச்சுடுங்க. ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர் அது, கடைத்தெருவில் நூறு கிராம் வாங்கிக்கோங்க, அம்மா சந்தோஷப்படுவாங்க. மூணாறு பஸ் காலையில்தான் நல்லது.