28 நாள் ஆயுள்

நேற்றைய பத்திரிகை எவரையும் ஏமாற்றுவதில்லை. அதன் நெற்றியிலேயே திகதி அச்சாகியிருக்கிறது. விமானக் கணினிக்குள் உறையும் வழிநடத்தல் தரவுகளோ அப்படியல்ல. அவற்றின் திகதியைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். காலாவதியான தரவும் புதிய தரவும் திரையில் ஒரே தெளிவோடு ஒளிர்கின்றன. ஆபத்து அந்தத் தெளிவில்தான் இருக்கிறது.

ஓடுபாதையின் நீளம், வானொலி வழிகாட்டிகளின் அலைவரிசை, வான்வழிச் சந்திப்புகளின் ஆள்கூறுகள், தரையிறங்கும் முறைகள் ஆகிய யாவும் மாறிக்கொண்டேயிருப்பவை. ஒவ்வொரு நாடும் தான் நினைத்த நாளில் அவற்றை மாற்றினால் சர்வதேசப் பறப்பு குழம்பிப்போகும். ஆதலால் 28 நாட்களுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில், உலகெங்கும் ஒரே நாளில் மாற்றங்கள் நடைமுறைக்கு வருகின்றன. 'எய்ராக்' எனப்படும் இந்த ஒழுங்கின்படி ஆண்டொன்றுக்கு வழக்கமாக 13 சுழற்சிகள். 2020 இல் 14 அமைந்தன. மாற்றம் பற்றிய அறிவித்தல், அது நடைமுறைக்கு வருவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன்னரே உரியவர் கையை எட்டிவிட வேண்டும் என்பது விதி.

மட்டக்களப்பு வாவியோரம், திமிலைத்தீவில் இருக்கும் எங்கள் ஓடுபாதையும் இந்தப் பதிவேட்டில் உண்டு. 'வி.சி.சி.பி.' என்பது அதன் குறியீடு. 1983 இல் அது விமானப்படையின் கைக்குச் சென்றது. 2018 இல் சர்வதேச விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. ஊருக்கு அது பெருஞ்செய்தி. வானில் இருப்பவனுக்கோ பதிவேட்டில் சில வரிகளின் திருத்தம். ஆனால் அவன் நம்பியிருப்பது அந்தச் சில வரிகளைத்தான்.

பெரிய விமானங்களின் கணினியில் பொதுவாக இரு சுழற்சிகளின் தரவுகள் இருக்கும். எது செல்லுபடியானது என்பதை விமானி புறப்படுமுன் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். தரவு காலாவதியாகிவிட்டால் விமானம் உடனே முடங்கிவிடுவதில்லை. குறிப்பிட்ட சில நாட்களுக்குப் பறக்க அனுமதி கிடைக்கலாம். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. பாதையின் ஒவ்வொரு புள்ளியையும் நடப்பு வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வானொலி வழிகாட்டிகளைக் கையாலேயே இசைத்து, அவற்றின் அடையாள ஒலியைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். இயந்திரத்துக்குத் தெரியாததை மனிதன் தன் கண்ணாலும் காதாலும் ஈடுசெய்வது என்பதே இதன் பொருள்.

அந்த ஒப்பீடு தவறினால் என்ன நேரும்? 1979 நவம்பர் 28 அன்று எயார் நியூசிலாந்து விமானமொன்று அந்தாட்டிக்காவின் எரெபஸ் மலையில் மோதி 257 பேர் மாண்டனர். கணினிப் பாதையின் ஆள்கூறுகள் புறப்படுவதற்குச் சற்று முன்பு திருத்தப்பட்டிருந்தன. விமானிகளுக்கோ அது சொல்லப்படவில்லை. இயந்திரத்திடம் புதிய பாதை, மனிதர் மனதில் பழைய பாதை.

எங்கள் தீவும் இதற்கு நெருங்கிய துயரொன்றைக் கண்டது. 1974 டிசெம்பர் 4 அன்று சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றி, கொழும்பு வழியாக ஜித்தாவுக்குச் செல்லவிருந்த மார்ட்டின் எயார் டி.சி.8 விமானம், நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கே தரவு காலாவதியாகியிருக்கவில்லை. ஆனால் டொப்ளர் கருவியும் வானிலை ராடாரும் தந்த குறிப்புகளைக் கொண்டு, தாம் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்து, உயரத்தை முன்கூட்டியே குறைத்திருந்தனர். டொப்ளர் தானே கூட்டிக் கணக்கிடும் கருவி. வழியில் வேறொன்றோடு ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால், தூரம் ஏற ஏறப் பிழையும் ஏறும்.

வாவி மீனவருக்கு இது புதிய பாடமன்று. முகத்துவாரம் மணலால் மூடிக்கொள்ளும், மாரி வெள்ளத்தோடு மீண்டும் திறக்கும். சென்ற ஆண்டு ஆழமாயிருந்த இடம் இந்த ஆண்டு மேடாகியிருக்கும். ஆகவே கடலுக்கு இறங்குமுன் அன்றைய நீரோட்டத்தைப் பார்த்தே தோணியைத் திருப்புவர்.

விமானிக்கு அப்படிப் பார்க்கும் வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை. அவனுக்காகத் தரையில் இருப்பவர் பார்த்து எழுத வேண்டும். ஓடுபாதைக்கு அருகே எழும் தொலைபேசிக் கோபுரத்தின் உயரம் உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்கப்படாவிட்டால், எத்தனை சுழற்சிகள் மாறினாலும் தரவு பழையதாகவே இருக்கும். திகதி மட்டுமே புதியதாயிருக்கும்.