யார் காதுக்கு?

அளந்து பாராமல் எதையும் ஏற்காதே என்பது இயற்பியல் மாணவனுக்கு முதற்பாடம். முதுகலை இறுதியாண்டு வரை அதைப் படித்தவன் நான். ஆனாலும் அளக்க வேண்டியதை விட்டு வேறெதையோ அளந்துகொண்டிருந்தேன். அதைச் சென்ற கோடையில் ஒரு சோடி பழைய ஒலிபெருக்கிகள் எனக்கு உணர்த்தின.

எங்கள் வீடு பாலாநகரில் இருக்கிறது. 1968இல் தொடங்கிய மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் இங்கேதான் உள்ளது. அதைச் சுற்றிச் சந்துக்குச் சந்து கடைசல் பட்டறைகள். நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த என் தந்தையார் 28 ஆண்டுகளாக அப்படியொரு பட்டறையில் லேத்து ஓட்டுகிறார். அவருக்கு உள்ள ஒரே ஆசை காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம். அதைக் கைப்பேசியின் கரகரப்பில் கேட்டு மகிழ்வார். நல்ல ஒலிபெருக்கியில் ஒரு நாள் அவரைக் கேட்க வைக்க வேண்டும் என்று, மாலை வேளைகளில் பாடம் சொல்லிக்கொடுத்து இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்தேன். எவ்வளவு என்று எழுதமாட்டேன்; இவ்விதழ் என் அன்னையின் கைக்கும் போகும்!

உயர்ந்த ரகத்தைப் புதிதாக வாங்க நம்மால் ஆகாது. பழையது வாங்கலாம், அதில் இழிவில்லை. 1925இல் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வகுத்த முறைதான் இன்றும் பெரும்பாலும் வழங்குகிறது: காந்தம், அதனிடையே அசையும் கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு. ஆகவே நன்றாகச் செய்த ஒலிபெருக்கி நாற்பது ஆண்டு கழிந்தும் பாடும். ஆனால் சிலவற்றைச் சோதித்தே வாங்கவேண்டும். கூம்பின் விளிம்பு நுரைப்பஞ்சாக இருந்தால் ஈரக்காற்றில் உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு நெடுங்காலம் தாங்கும். உள்ளே உள்ள மின்தேக்கிகளில் சிலவகை உலர்ந்து கெடும். கம்பிச்சுருள் உரசுகிறதா என்று தாழ்ந்த சுரத்தை மெதுவாக ஒலிக்கவிட்டுக் கேட்கவேண்டும்.

தலைமுறைகளையும் பாடம் செய்தேன். பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் 801 பிறந்தது 1979இல். 1987இல் மேட்ரிக்ஸ் வந்தது, 1998இல் நாட்டிலஸ், 2005இல் வைரக் குமிழ். அரசர் பரம்பரையை மனப்பாடம் செய்வதுபோல் செய்து முடித்தேன்.

செகந்திராபாத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இரண்டு சோடிகளை வைத்திருந்தார். ஏறத்தாழ ஒரே விலை சொன்னார். ஒன்று நாட்டிலஸ் 805, பளபளப்பு மாறாதது. மற்றொன்று எல்.எஸ். 3/5ஏ. பி.பி.சி. வானொலி நிலையத்தார், நடமாடும் ஒலிபரப்பு வண்டியின் சிறிய இடத்திலே பேச்சுக்குரலைச் சரிபார்ப்பதற்கென்று 1970களில் வகுத்த சிறு பெட்டி. உயரம் ஓரடிதான். முகத்துணி கிழிந்திருந்தது, அதனால்தான் விலை எனக்கு எட்டிற்று.

நாட்டிலஸ் என்னை மயக்கிற்று. கஞ்சிராவின் சலங்கை தனித்தனியே தெறித்தது. சிறு பெட்டியோ அடக்கமாகப் பேசிற்று. "நாளை முன்பணம் தருகிறேன்" என்று நாட்டிலஸைக் காட்டிச் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

அன்றிரவு, ஏதோ விளையாட்டாக, அப்பாவின் காதில் தலையணிக் கருவியை மாட்டி ஒற்றைச் சுரங்களை ஒலிக்கவிட்டேன். 1000 ஹெர்ட்ஸ் போட்டேன். கையை உயர்த்தினார். 2000 போட்டேன். சற்றுப் பொறுத்து உயர்த்தினார். பின் 4000.

"போடுய்யா, கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

சுரம் அப்போது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

"போட்டாச்சுப்பா" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பாடநூலில் நான் படித்ததுதான். இரைச்சல் காதின் உட்புறத்து நுண்மயிர் அணுக்களைக் கொல்லும். செத்தவை மீண்டும் முளையா. 4000 ஹெர்ட்ஸ் அருகிலே முதலில் குழி விழும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளின் எல்லை. 85 ஆனாலே காப்பு வேண்டும் என்பர் அறிஞர். இத்தனையும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எந்த இரைச்சல் எனக்குக் கட்டணம் கட்டியது என்று ஒரு நாளும் எண்ணியதில்லை!

அடுத்த ஞாயிறு அப்பாவையும் அழைத்துச் சென்றேன். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சியாரின் நாகசுரத்தோடு எஸ். ஜானகி பாடிய பாட்டை இரண்டிலும் போடச் சொன்னேன். நாட்டிலஸுக்கு, "நல்லாத்தான் இருக்கு" என்றார் மரியாதையாக. சிறு பெட்டி பாடியபோது முன்னே நகர்ந்து உட்கார்ந்தார். "இதிலே அந்த அம்மா சொல்றது விளங்குதுய்யா" என்றார். காரணம் உண்டு. அந்தப் பெட்டியில் 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதி ஒரு சிறிது முன்னே நிற்கும். அவருக்கு எஞ்சியிருப்பதும் அந்தப் பகுதிதான்.

பிறகு எழுந்து வந்து பெட்டியின் மேல் இரண்டு விரல்களை வைத்தார். "இடப்பக்கத்திலே ஒரு திருகு தளர்ந்திருக்கு" என்றார். பார்த்தால் உண்மை! என் இளங்காது கேளாததை அவர் விரல் கேட்டுவிட்டது. திருப்புளி வாங்கி, மிகையாக முறுக்காமல், பதமாக இறுக்கினார். பெரியவர் வியந்து நின்றார்.

சிறு பெட்டிகளையே வாங்கினோம். எனக்கு இழப்பு இல்லாமல் இல்லை. தவிலின் அடிமுழக்கம் அதில் முழுதும் வராது. சலங்கைத் தெறிப்பும் குறைவு. எந்தப் பெட்டியும் செத்த அணுவை எழுப்பாது என்பதையும் அறிவேன். ஆதலால் மிச்சப் பணத்தில் ஒரு காதுக்கவசமும் வாங்கினேன்.

"இனிமேல் எதுக்குய்யா இது?" என்றார் அப்பா.

"இருக்கிறதைக் காப்பாத்தத்தான்ப்பா" என்றேன். மறுநாள் பட்டறைக்கு எடுத்துச் சென்றார். இப்போது சோற்றுத்தூக்கோடு அதுவும் போகிறது.

தோழர்களே, எந்தத் தலைமுறைக் கருவி உயர்ந்தது என்று நாம் வாதிடுகிறோம். நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்த தலைமுறைக்கு எது கேட்கும், எது கேட்காது என்று ஒரு முறையேனும் கேட்டிருக்கிறோமா? இன்றிரவே கேளுங்கள். கேட்கும்போது சற்று உரக்கவே கேளுங்கள்.