காவிரியின் இரு காடுகள்

குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் இடையே எத்துணைத் தொலைவு இருப்பினும், ஓர் ஆறு அவ்விரண்டையும் உறவாக்கிவிடுகிறது. சாமராஜநகரில் மைய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராய்ப் பணிபுரியும் எனக்கு இவ்வுண்மை தெளிவாகப் புலப்பட்டது, விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு பிச்சாவரம் சென்றபோதுதான்.

நம் ஊருக்குக் கடல் தொலைவு, காடோ அண்டைவீடு. கிழக்கே பிளிகிரிரங்கன் மலை, 2011 முதல் புலிகள் காப்பகமாக விளங்குகிறது. அடிவாரத்தில் முட்புதர், ஏற ஏற இலையுதிர் காடு, உச்சிப் பள்ளங்களில் என்றும் பசுமை மாறாச் சோலை. சோலிகப் பழங்குடியினர் தெய்வமாகப் போற்றும் 'தொட்ட சம்பிகெ' என்னும் பெருஞ்சண்பகம் நிற்பதும் அம்மலையிலேதான். இப்பகுதி மலைகளில் பெய்யும் மழை சுவர்ணாவதியாய் இறங்கிக் காவிரியைச் சேர்கிறது. சிவசமுத்திரத்தில் வீழ்ந்து, 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் தேங்கி, முக்கொம்பில் கொள்ளிடமாய்ப் பிரிகிறது அவ்வாறு. கொள்ளிடத்தின் கழிமுகத்திற்கும் வடக்கே வெள்ளாற்றின் கழிமுகத்திற்கும் இடைப்பட்ட உப்பங்கழியே பிச்சாவரம்.

'இதயக்கனி' படத்தில் 1975-இல் திரையில் கண்ட அந்நீர்வழிகளை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். துடுப்புப் படகில் நேரிற் செல்லுங்கால் வேறோர் உலகம் விரிகிறது. இருபுறமும் கிளைகள் கவிந்து கூரையாகின்றன. சுரபுன்னை தன் தாங்கு வேர்களை வில்லாய் வளைத்துச் சேற்றில் ஊன்றி நிற்கிறது. வெண்கண்டலோ மூச்சு வேர்களை ஆணிகள்போல் மேல்நோக்கி நீட்டியிருக்கிறது. சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர் ஈந்த மரமும் இங்குண்டு. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே தீங்கு என்று படகோட்டி எச்சரித்தார். வேர்களின் நிழலில் இறாற் குஞ்சுகள் வளர்கின்றன. அவற்றை நம்பி மீனவரும் இருளரும் வாழ்கின்றனர்.

கழிநீரைக் கையில் அள்ளிய என் மகள், "அப்பா, இதில் நம்ம ஊர்த் தண்ணீரும் இருக்குமா?" என்று வினவினாள். பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழும் பயில்பவள் அவள். "கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் உப்பு குறையும் பாப்பா, கோடையில் வாயில் வைக்க முடியாது" என்று விடை தந்தவர் படகோட்டி.

அவ்விடையில் இக்காட்டின் வாழ்வே அடங்கியுள்ளது. அலையாத்தி மரம் உப்பைத் தாங்குமே அன்றி, உப்பை மட்டும் உண்டு செழிக்காது; நன்னீர் கலக்கும்போதே இளங்கன்றுகள் நன்கு தழைக்கும். முற்காலத்தில் மரங்களை அடியோடு வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து, புகுந்த நீர் வெளியேற வழியின்றி வற்றி, உப்பு முற்றிக் காடு அழிந்தது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கூடி, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கன்றுகள் நட்டு அதனை மீட்டனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் மறைவில் இருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாயிற்று. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

கணக்கு எழுதிப் பழகிய கை, காவிரிக் கணக்கையும் கூட்டிப் பார்க்கிறது. 2007-இல் நடுவர் மன்றம் பங்கிட்ட நீர் 740 டி.எம்.சி. அதில் தமிழகத்திற்கு 419, கருநாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுவைக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க இயலாது கடல் சேர்வதற்கு 4. உச்சநீதிமன்றம் 2018-இல் தமிழகத்தின் பங்கை 404.25 ஆகவும் கருநாடகத்தின் பங்கை 284.75 ஆகவும் மாற்றியது. கடைசி இரு இனங்களில் கைவைக்கவில்லை. ஆயினும் மேடைகளில் முழங்கும் எவரும் அந்தப் பத்தைப் பற்றி வாய்திறக்கக் கேட்டதில்லை. கடலுக்குச் செல்லும் நீரெல்லாம் வீண் என்பதே இரு கரையிலும் வழங்கும் பேச்சு. வயலுக்கும் குடத்திற்கும் நீர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. கழிமுகத்துக் காடும் அதன் மீனும் அக்கரையின் மக்களும் அந்நீரின் உரிமையாளரே அல்லரோ?

காவிரியின் பெயரால் மூண்ட பூசலில், 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும், கருநாடகத் தமிழ்க் குடும்பங்கள் கதவடைத்து அஞ்சியிருந்த நாட்களை நாம் அறிவோம். அதே நாட்களில் அண்டை வீட்டுக் கன்னடத் தாய்மார் நமக்குத் துணைநின்றதையும் அறிவோம். ஆற்றின் தலையில் வாழ்ந்து, அதன் அடியில் வேர்கொண்டிருக்கும் நமக்கு இரு முனையும் தெரியும். ஒரு முனையின் வழக்கை மறுமுனைக்குச் சினமின்றி எடுத்துரைக்கும் தகுதி நமக்கு உண்டு, கடமையும் உண்டு.

ஆகவே, அன்பர்களே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை முதலில் பிளிகிரிரங்கன் மலைக்கு அழைத்துச் செல்லுங்கள், பின்னர்ப் பிச்சாவரத்திற்கு. உடன் ஒரு கன்னட நண்பரின் குடும்பமும் வரட்டும்.