ஆவிக்குள் அடைபட்ட ஒளிக்குக் கணக்கு எழுதியவருக்கு

பெருமதிப்பிற்குரிய தியோடர் ஹோல்ஸ்டைன் ஐயா அவர்களுக்கு,

ருபீடியம் ஆவியோடு நாள்முழுக்க மல்லுக்கட்டும் ஆள் நான். 1947-இல் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழில் ஆவிக்குள் அடைபடும் ஒளியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைக்கு நன்றி சொல்லவே இந்த மடல். 1985-இலேயே நீங்கள் மறைந்துவிட்டீர்கள் என்பது தெரியும். வாங்கிய கடன் அதனால் தீர்ந்துவிடுமா?

கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே துளி ருபீடியம். அறை வெப்பத்தில் 780 நானோமீட்டர் லேசரைச் செலுத்தினால், கேமராவில் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு தெரியும். சூடேற்றச் சூடேற்றக் கோடு கரைந்து குப்பி முழுக்க வெளிச்சம் பரவும். இன்னும் சூடேற்றினால் ஒளி நுழைகிற முகப்பிலேயே தேங்கிவிடும். லேசரைச் சட்டென்று நிறுத்தினாலும் டிடெக்டரில் ஒளி மெல்லத்தான் இறங்குகிறது. தனி அணு, வாங்கிய ஒளியைச் சராசரியாக 26 நானோநொடியில் திருப்பித் தந்துவிடும். ஆனால் அதைப் பக்கத்து அணு வாங்கிக்கொள்கிறது, அது விட்டதை இன்னொன்று.

உங்களுக்கு முன்பு இயற்பியலாளர்கள் காம்ப்டனும் மில்னும் இதைப் பேருந்து நிலைய நெரிசலில் இடித்துப் பிடித்து ஓரடி ஓரடியாக நகரும் பயணியைப் போலத்தான் கணக்கிட்டார்கள். அடிக்கு ஒரு சராசரி நீளம் வைத்தால் வெளியேறும் நேரம் கிடைத்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செமான்ஸ்கி 1927-இல் பாதரச ஆவியில் அளந்தது அடர்த்தி கூடியபோது இதற்கு ஒத்துவரவில்லை.

அந்தச் சராசரியே கிடையாது என்று சொன்னவர் நீங்கள். அணுக்கள் ஓடிக்கொண்டிருப்பதால் டாப்ளர் விளைவு உண்டு; ஒரு அதிர்வெண்ணில் வாங்கிய ஒளி வேறொன்றில் வெளிவரும். நிறமாலைக் கோட்டின் நடுவில் பிறந்த ஒளி ஒரு மயிரிழை போவதற்குள் பிடிபடும். ஓரத்தில் பிறந்ததோ குப்பியையே ஒரே தாவலில் தாண்டும். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் சராசரி நீளம் முடிவிலிக்குப் போய்விடுகிறது. ஆகவே அந்த ஓரடிக் கணக்கின் பரவல் சமன்பாட்டை ஓரங்கட்டிவிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் இணைக்கும் தொகையீட்டுச் சமன்பாட்டை எழுதினீர்கள். அதே ஆண்டில் சோவியத் நாட்டில் பிபெர்மனும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். எனக்கு இந்தத் தற்செயல் ரொம்பப் பிடிக்கும்.

நீங்கள் அப்போது இருந்தது விளக்கு செய்யும் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில். ட்யூப்லைட்டுக்குள் பாதரசம் தரும் 253.7 நானோமீட்டர் புறஊதா ஒளியும் இதே சிறையிலிருந்து தப்பித்துத்தான் குழாயின் உட்சுவர்ப் பூச்சை அடைகிறது. இயற்கைப் பாதரசத்தில் நிலையான ஐசோடோப்புகள் ஏழு. ஒவ்வொன்றின் கோடும் சற்றே விலகியிருப்பதால் தப்பிக்க ஓரங்கள் கூடுகின்றன. வீட்டுக்கூடத்தில் ஒளிர்ந்த விளக்கைப் பார்த்து இதையெல்லாம் யார் யோசித்தோம்!

உங்கள் நீண்ட தாவல்களைப் பிரான்சின் நீஸ் நகரில் நேரடியாகவே அளந்து, 2009-இல் வெளியிட்டார்கள். ருபீடியம் ஆவிதான், தாவல் நீளங்கள், சராசரிக்குள் அடங்காத லேவி வகைப் பரம்பலில் விழுந்தன.

எங்கள் வேலைக்கு வருகிறேன். அணுக்களின் தற்சுழற்சியை (ஸ்பின்) ஒரே திசையில் திருப்பி வைக்கப் பாடுபடும்போது, அடைபட்டுச் சுற்றும் ஒளி அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். அதற்காகக் குப்பியில் நைட்ரஜன் சேர்க்கிறோம். கிளர்ந்த அணு அதன்மேல் மோதி, ஒளி விடாமலே ஆற்றலை இறக்கிவைத்துவிடும். எவ்வளவு சேர்ப்பது என்று பார்க்க, ஒளி எவ்வளவு நேரம் உள்ளே சுற்றும் என்பது தெரிய வேண்டும். அதற்கு இன்றும் முதலில் எடுப்பது உங்கள் சூத்திரத்தைத்தான்.

ருபீடியம் குப்பிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவன்