ஊதா வந்தால் போதுமா?

செங்கல்பட்டு வட்டாரத்தில் பிளஸ் டூ வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவர் அவர். பணிநிறைவு விழாவில் ஒருவர், "சார் கலர் காட்டியே காலத்தை ஓட்டிட்டார்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார், ஆசிரியருக்குச் சுருக்கென்றது. ஃபீனாலையும் ஆல்கஹாலையும் பிரித்தறிவது அவ்வளவு மலிவா என்று இன்றும் கேட்கிறார்.

பென்சீன் வளையத்தில் ஓ.எச். தொகுதி நேராக ஒட்டியிருந்தால் ஃபீனால். அதற்கு மேல் அவர் விளக்குவதில்லை. பள்ளியில் படித்தது யாருக்கும் மறக்காது என்று நம்புகிறவர். நேரே, ஃபீனாலோடு சேர்ந்தால் ஊதா காட்டும் நடுநிலை ஃபெரிக் குளோரைடு கரைசலுக்குப் போய்விடுவார். பேச்சில் பாதி அதற்கே.

"பாட்டிலில் இருக்கிறதை அப்படியே ஊத்துறாங்க" என்பது அவருடைய தீராத குறை. கரைசல் கலங்காமலிருக்க அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்திருப்பார்கள். அந்த அமிலம் ஊதாவை அமுக்கிவிடும். அதனால் நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். பழுப்பு வீழ்படிவு தோன்றும், கரையும். மறுபடி தோன்றும், கரையும். குலுக்கியும் கரையாமல் லேசாக நிற்கிறபோது கையை நிறுத்தி வடிகட்ட வேண்டும். அந்த வடிநீர்தான் வேலைக்கு உதவும். அவசரப்பட்டு அம்மோனியாவைக் கொட்டினால் இரும்பெல்லாம் வண்டலாக இறங்கிவிடும். மாமல்லபுரம் பக்கம் போனால் கடற்காற்றின் தொல்லை வேறு: மூடி சரியில்லாத புட்டியில் திட ஃபெரிக் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கூழாகிக் கிடக்கும்.

செங்கல்பட்டு வெயிலும் லேசுப்பட்டதல்ல. ஃபீனாலின் உருகுநிலை ஏறத்தாழ 41 டிகிரி. கத்திரியில் புட்டிக்குள்ளேயே இளகிவிடும். தோலில் பட்டால் வெளுத்து மரத்துப்போகும். வலி தாமதமாகத் தெரிவதால் பையன்கள் அசட்டையாக இருப்பார்கள்.

இத்தனை செய்து ஊதா வந்தாலும் அவர் ஃபீனால் என்று எழுத விடமாட்டார். சாலிசிலிக் அமிலமும் ஊதா காட்டும். கேட்டகால் பச்சை காட்டும். சோடியம் பைகார்பனேட்டில் நுரைத்துப் பொங்கினால் அது கார்பாக்சிலிக் அமிலம். புரோமின் நீரில் வெள்ளை வீழ்படிவு வந்ததே என்றால், அனிலினும் அதைத் தரும். ஆல்கஹாலுக்கு செரிக் அம்மோனியம் நைட்ரேட் போட்டால் சிவப்பு. எந்த வகை ஆல்கஹால் என்பதற்கு 1930இல் வந்த லூகாஸ் சோதனை. மூவிணையது உடனே கலங்கும், ஈரிணையது சில நிமிடத்தில் கலங்கும், ஓரிணையது அறை வெப்பநிலையில் கலங்காது.

இதெல்லாம் தேர்வோடு முடிகிற சங்கதியல்ல. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955இல் அமைந்த மத்திய தொழுநோய் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தொழுநோய்க் கிருமியைச் சிவப்பாகக் காட்டும் கார்பால் ஃபுக்சின் சாயத்தில் ஃபீனாலும் உண்டு, ஆல்கஹாலும் உண்டு. மாணவர்களுக்கு யார் இதைச் சொல்கிறார்கள்?

இப்போது செய்முறைத் தேர்வில் என்ன சேர்மம் வரும் என்று முன்கூட்டியே காதில் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் வீடியோவில் பார்த்த நிறத்தை நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு சோதனைக்குழாயைத் தொடுகிறார்கள். நிறத்தை மட்டும் நம்பினால் ஆய்வகத்துக்கு வெளியிலும் ஏமாறலாம். 2023 மே மாதம் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களிலும் மெத்தனால் குடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அயோடஃபார்ம் சோதனையில் எத்தனால் மஞ்சள் தரும், மெத்தனால் தராது என்று மனப்பாடம் செய்தவன், இரண்டும் கலந்த சாராயத்திலும் மஞ்சள் வரும் என்பதை யோசிப்பானா?

இன்று ஆய்வகத்தில் நிற்கும் ஆசிரியர்களிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: பெயர் ஒட்டாத புட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், தப்பாக எழுதினால் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.